மேஜை எண் நாற்பத்தொன்று

பிப்ரவரி 11

அன்புள்ள ஒல்லி,

நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் மாடிப்படியைப் பார்த்தால் மட்டும் வலிக்கிறது, கடைத்தெருவைப் பார்த்தால் வலிப்பதில்லை. உன் தும்மல் நின்றதா? அந்தத் தீவுக் காற்றில் தலையைத் துவட்டாமல் திரியாதே என்று எழுதச் சொன்னாள்.

உன் கடிதம் கிடைத்தது. கடிதமா அது? நாலு பக்கத்தில் ஆறு வரி எழுத்து, மீதியெல்லாம் கட்டம் கட்டமாகப் படம். வானிலை நிலையத்தில் காலையில் விடுகிற பலூனோடு சமையல்காரரின் துண்டும் சிக்கி மேலே போனதை எழுத்தில் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அவர் கரண்டியோடு மொட்டை மாடியில் குதிக்கிற கட்டத்தில் அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இவனை வானத்தைப் பாக்கத்தானே அனுப்பினாங்க? சமையக்கட்டைப் பாத்துட்டிருக்கான்" என்றாள். மறுநாள் பல் லேபுக்கு எடுத்துப் போனேன். பக்கத்து நாற்காலிக்காரி சிரித்த சிரிப்பில் அவள் கையிலிருந்த மெழுகுப் பல்வரிசை கீழே விழுந்து மேல்தாடை இரண்டாகப் போயிற்று.

ஒன்று கேட்கிறேன், திட்டாதே. நவம்பரில் நம் ஊரில் நடக்கும் சித்திரக்கதை விழா உனக்குத் தெரியும். பெரிய கம்பெனிகளுக்கு அங்கே இடமில்லை. தானே வரைந்து, தானே அச்சடித்து, தானே ஸ்டேப்ளர் அடிக்கிறவர்களுக்குத்தான் மேஜை. மே மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். ஐந்து பேர் குழு பார்த்துத் தேர்ந்தெடுக்கும். உன் துண்டுக் கதையை அனுப்பட்டுமா? இன்னும் கொஞ்சம் பக்கம் வரைந்து தந்தால் புத்தகமாகிவிடும்.

அடுத்த படகில் பதில் போடு. வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கும் அம்மாவுக்கும்,

தும்மல் போய்விட்டது, இருமல் வந்திருக்கிறது. பயப்பட வேண்டாம், அதுவும் படகுக்காரர் மாதிரி பதினைந்து நாளில் கிளம்பிவிடும். அம்மா சூடாக ஒத்தடம் கொடுக்கிறாளா?

அக்கா, உனக்கு என்ன ஆயிற்று? நான் வரைந்தது உனக்கு விளங்குவதற்காக. பலூன் எங்கே, கயிறு எங்கே, துண்டு எங்கே என்று எழுதினால் மூன்று பக்கம் ஆகும், அவ்வளவுதான். என் கோடு எதுவும் நேராகப் போகாது. விழாவுக்குப் போக வேண்டியது உன் புத்தகம். பல் செட் செய்கிற ஒருத்தி தெருவில் நடக்கும்போது, எதிரே சிரித்துக்கொண்டு வருகிறவர்களின் வாயில் தன் கைவேலையை அடையாளம் கண்டுகொள்கிற கதை. போன விடுமுறையில் முதல் இருபது பக்கம் காட்டினாயே, அன்றிலிருந்து நான் யார் சிரித்தாலும் பல்லைத்தான் பார்க்கிறேன். நாலு வருஷமாகக் கேட்டால் "இன்னும் முடியலடா" என்கிறாய். இந்த வருஷம் அந்தப் பேச்சே கூடாது.

உன்னுடையதை அனுப்புவதென்றால் என்னுடையதையும் அனுப்பு. அதுதான் நிபந்தனை. சமையல்காரரிடம் அனுமதி கேட்டேன். "புஸ்தகத்துல வர்றேனா? அப்ப மூஞ்சியைக் கொஞ்சம் மெலிசாப் போடு, தம்பி. வயித்தை எப்படி வேணா போட்டுக்கோ" என்றார். இங்கே இருக்கும் இன்னொரு ஆளான வயர்லெஸ்காரர் தானும் வர வேண்டும் என்கிறார். அவருக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.

இங்கே சொல்லும்படி நோய் நொடி இல்லை. அங்கேயும் அப்படியே இருங்கள்.

ஒல்லி


மே 22

அன்புள்ள ஒல்லி,

அம்மா நன்றாக இருக்கிறாள். எனக்கு மெழுகுப் புகையில் கண் எரிச்சல், வேறொன்றுமில்லை. உன் இருமல்?

இரண்டு உறையையும் நேற்று நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். என்னுடையது அறுபத்து நாலு பக்கம், உன்னுடையது இருபது. பலூன் ஏன் அன்று மெதுவாக ஏறியது என்று தலைமை அலுவலகம் விளக்கம் கேட்டதும், நீங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து "கூடுதல் எடை, துணி வகை" என்று பதில் எழுதியதும் பிரமாதம். அந்தப் பக்கத்தை நான் ஆறு முறை படித்தேன்.

அம்மாவுக்கு உன்னுடையதைப் பற்றி மட்டும் சொல்லியிருக்கிறேன். என்னுடையதைச் சொன்னால் தினமும் தபால்காரரை வாசலில் நிறுத்தி விசாரிப்பாள். அதனால் உன் கடிதங்களை அவளுக்குப் படித்துக் காட்டும்போது அந்த வரிகளைத் தாண்டிவிடுகிறேன், நீயும் வாயைத் திறக்காதே.

முடிவு ஜூலை நடுவில். அதுவரை உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூன் 24

அன்புள்ள அக்கா, அம்மா,

இருவரும் நலம்தானே? நான் ஒரு கிலோ ஏறியிருக்கிறேன். சமையல்காரர் இதைத் தன் சாதனை என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறார்.

கடல் கொந்தளிப்பில் ஒரு படகு வரவே இல்லை. உன் மே மாதக் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. ரகசியத்தைக் காப்பேன். ஆனால் முடிவு வந்ததும் உன்னுடையதை முதலில் எழுது, என்னுடையது அப்புறம். என்னுடையது வராது என்று எனக்குத் தெரியும். தெரிந்ததைப் படிக்க அவசரமில்லை.

காற்று இன்று தெற்கிலிருந்து. எல்லோரும் திடமாக இருக்கிறோம்.

ஒல்லி


ஜூலை 19

என் அருமை ஒல்லி,

நலம் விசாரிப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். உன் புத்தகம் தேர்வாகிவிட்டது! "துண்டு பறந்த நாள்", மேஜை எண் நாற்பத்தொன்று, மூன்று நாளும். முந்நூற்றுச் சொச்சம் பேர் அனுப்பியதில் அறுபது பேருக்குத்தான் மேஜை. குழு கைப்பட ஒரு வரி எழுதியிருக்கிறது: "சிரித்தோம், மறுபடி படித்தோம்." அதை வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டேன்.

அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. பால் வாங்கப் போனவள் ஒரு மணி நேரம் கழித்துப் பாலில்லாமல் வந்தாள். தையல்கடைக்காரர், மருந்துக்கடைக்காரர், மேல்மாடி ஆசிரியை என்று எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. "என் மகன் ஆகாசத்துலேர்ந்து புஸ்தகம் போட்டிருக்கான்" என்கிறாள். தீவு என்று திருத்தினேன். "எல்லாம் ஒண்ணுதான்" என்கிறாள்.

உனக்கு விடுப்பு கிடைக்காது என்பதால் மேஜையில் நான் உட்காருகிறேன். அட்டையை என்ன நிறத்தில் போடலாம் என்று உடனே எழுது. எனக்குச் சாம்பல் நீலம் தோன்றுகிறது.

நன்றாகத் தூங்கு. பெருமையாக இருக்கிறதடா.

அக்கா


ஆகஸ்ட் 8

அன்புள்ள அக்கா, அம்மா,

கடிதத்தைப் படகுத்துறையிலேயே பிரித்தேன். அங்கேயே கத்தினேன். படகுக்காரர் நான் தண்ணீரில் விழுந்துவிட்டேன் என்று நினைத்துக் கயிற்றை வீசினார். சமையல்காரர் அன்று ஆளுக்கு இரண்டு முட்டை கூடுதலாக வைத்தார். நாங்கள் சுகமாக இல்லாமல் வேறெப்படி இருப்போம்?

சாம்பல் நீலமே போடு. துண்டு மட்டும் சிவப்பு.

அவசரத்தில் உன் மேஜை எண்ணை எழுத மறந்துவிட்டாய். எத்தனை? நாற்பத்தொன்றுக்குப் பக்கத்திலா? இரண்டு மேஜையையும் நீ ஒருத்தியே எப்படிப் பார்ப்பாய்? அம்மாவை ஒன்றில் உட்கார வை. எது அவளுக்குத் தோது என்று பார்.

உடனே எழுது.

ஒல்லி


செப்டம்பர் 28

அன்புள்ள ஒல்லி,

நீயும் உன் கூட்டாளிகளும் சுகம் என்று நம்புகிறேன். இரண்டு படகுக்கு நான் கடிதம் போடவில்லை. லேபில் வேலை நெருக்கடி, ஒரு மருத்துவமனையிலிருந்து ஒரே சமயத்தில் நாற்பது தாடை அச்சு வந்து இறங்கியது. அம்மாவுக்கு ஒரு வாரம் சளி, இப்போது இல்லை.

உன் புத்தக வேலை முக்கால்வாசி முடிந்தது. உள்தாள் கொஞ்சம் மஞ்சளடித்த கெட்டித் தாள். மை ஊறாது, பக்கம் புரட்டினால் நல்ல சத்தம் வரும். அட்டையில் சிவப்பு மட்டும் நாலு முறை தப்பாக விழுந்தது. முதலில் இளஞ்சிவப்பு, அப்புறம் செங்கல். அச்சகத்துக்காரர் என்னைப் பார்த்தாலே கதவுக்குப் பின்னால் போகிறார். கடைசியில் லேபிலிருந்து ஈறு நிறத்துக்கு வைத்திருக்கும் மாதிரி அட்டையைக் கொண்டுபோய்க் காட்டி, "இதை விட ரெண்டு மடங்கு கோபமா வேணும்" என்றேன். சரியாக வந்துவிட்டது. மடிப்பையெல்லாம் லேபில் மெழுகுப் பல் செதுக்கும் உலோகக் கரண்டியின் முதுகால் நானே அழுத்தினேன். கத்தி மாதிரி நிற்கிறது.

முதல் நாள் மாலை நான்கு மணிக்குப் பெரிய திரையில் ஐந்து புத்தகங்களைப் போட்டுக் காட்டப் போகிறார்கள். உன்னுடையது மூன்றாவது. நான் வாசிக்க வேண்டும். அம்மா அன்றைக்குக் கட்டப் போகும் புடவையை இப்போதே எடுத்து வைத்துவிட்டாள்.

நாற்பத்தொன்றாம் மேஜை நல்ல அகலம், நீ எதற்கும் கவலைப்படாதே.

மழையில் நனையாதே.

அக்கா


அக்டோபர் 17

அக்கா,

நலம். நலம் விசாரிப்பு இந்தக் கடிதத்துக்கு இவ்வளவு போதும்.

என் வேலை உனக்குத் தெரியும். மழைமானியில் தண்ணீர் இல்லாவிட்டால் பூஜ்யம் என்று எழுதுவேன். அன்றைக்கு நான் போய்ப் பார்க்கவே இல்லை என்றால் பூஜ்யம் என்று எழுதக் கூடாது, "பதிவு இல்லை" என்றுதான் எழுத வேண்டும். இரண்டும் வேறு. உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துப் பார்த்தேன். என் புத்தகத்தின் தாள், மை, சிவப்பு, மடிப்பு எல்லாம் இருக்கிறது. உன் புத்தகத்தைப் பற்றி மே மாதத்திலிருந்து பதிவு இல்லை.

வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், அப்படித்தானே?

நீ அதை மறைத்துக்கொண்டு எனக்காக அச்சகத்துக்கு நாலு முறை நடந்திருக்கிறாய். இதைப் படித்து நான் சந்தோஷப்பட வேண்டுமாக்கும். எனக்குக் கோபமாக வருகிறது. இவ்வளவு தூரத்திலிருந்து கோபப்பட்டு என்ன செய்வது? அதனால் கேட்கிறேன். உன் புத்தகம் அச்சாகியிருக்கிறதா? ஆகியிருந்தால் அதை யார் கண்ணிலாவது காட்டு. விழாவில் எங்கேயாவது, ஒரு மூலையிலாவது. என் மேஜையில் இடமில்லை என்றால் என்னுடையதைக் கீழே இறக்கி வை. நான் வரைந்தது மூன்று வாரம், நீ வரைந்தது நாலு வருஷம்.

அம்மாவிடமும் சொல்லிவிடு. அவள் என்னை மட்டும் ஊரெல்லாம் தூக்கிக்கொண்டு திரிவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பதில் வேண்டும், பாதி இல்லாமல்.

ஒல்லி


நவம்பர் 25

அன்புள்ள ஒல்லி,

மூன்று பேரும் சுகமா? நாங்கள் சுகம். என் குரல் மட்டும் இன்னும் சரியாகவில்லை, காரணம் கீழே இருக்கிறது. பாதி இல்லாமல் கேட்டாய், முழுசாக எழுதுகிறேன்.

ஆமாம், வேண்டாம் என்றார்கள். இது முதல் தடவையும் இல்லை, நாலாவது. முன்பு மூன்று வருஷமும் "முடியலடா" என்று உன்னிடம் சொன்னது பொய். ஒவ்வொரு வருஷமும் திருத்தித் திருத்தி அனுப்பினேன். முடிந்த புத்தகத்தை முடியவில்லை என்று சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது. உன் தேர்வுக் கடிதமும் என் மறுப்புக் கடிதமும் ஒரே நாளில் வந்தன. உன்னுடையதை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்தேன், என்னுடையதைக் குளியலறையில் படித்தேன். ஆனால் ஒல்லி, உனக்காக நான் பட்ட சந்தோஷத்தில் கலப்படம் இல்லை. அதை மட்டும் நீ சந்தேகப்படக் கூடாது.

விழா அந்தப் பழைய பேருந்துப் பணிமனையில். மேலே தகரக்கூரை, தரையில் இன்னும் எண்ணெய்க் கறை, வரிசையாக மேஜைகள். நம் வலப்பக்கத்தில் ஒரு குழாய் ரிப்பேர்காரர், தான் போன வீடுகளின் சமையலறைத் தொட்டிகளை மட்டும் வரைந்து எட்டுப் பக்கப் புத்தகம் போட்டிருந்தார். இடப்பக்கத்துப் பெண்ணின் கதை வரைபடம் மாதிரி விரிந்து மேஜையை விட்டுக் கீழே தொங்கியது. எல்லோர் விரலிலும் மை.

முதல் நாள் மாலை உன் கதையை வாசித்தேன். "கூடுதல் எடை, துணி வகை" என்ற இடத்தில் அரங்கமே குலுங்கியது, நான் நிறுத்திக் காத்திருக்க வேண்டியிருந்தது. அம்மா முன்வரிசையில் எழுந்து நின்று பின்னால் திரும்பி, "என் மகன்!" என்றாள். யாரும் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள்.

இரண்டாம் நாள் காலை அம்மா முந்தின நாள் தபாலில் வந்த உன் அக்டோபர் கடிதத்தைப் பிரிக்காமலே தன் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மேஜைக்குக் கீழே குனிந்து அட்டைப்பெட்டியில் எதையோ தேடுகிறமாதிரி படித்தேன். அன்றைக்கு முழுக்க ஒன்றும் செய்யவில்லை. தேர்வான புத்தகம் தவிர வேறு எதையும் மேஜையில் வைக்கக் கூடாது என்பது விதி. ஆனால் பணிமனைக்கு எதிர்ப்பக்க நடைபாதையில் வருஷா வருஷம் சிலர் உட்கார்வார்கள், மேஜை கிடைக்காதவர்கள். விரிப்பைப் போட்டு அதன் மேல் புத்தகங்களை அடுக்கியிருப்பார்கள். மூன்று வருஷமும் நான் அவர்களைத் தாண்டிப் போகும்போது கைப்பையில் சாவி தேடியிருக்கிறேன். வீட்டுச் சாவிக்கு அங்கே என்ன வேலை?

மூன்றாம் நாள் காலை கட்டிலுக்கு அடியிலிருந்து என் புத்தகம் நாற்பது பிரதியை எடுத்துப் பையில் போட்டேன். ஆமாம், அச்சடித்துத்தான் வைத்திருந்தேன். விழாவுக்கு வந்ததும் அம்மாவை மேஜையில் உட்கார வைத்தேன்.

"நீ எங்கடி போறே?"

"எதிர்ப்பக்கம். என் புத்தகத்தை விக்க."

"உன் புத்தகமா? உனக்கு ஏது புத்தகம்?"

ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தேன். அட்டையைப் பார்த்தாள், கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நாலு வருஷமா கதவைச் சாத்திட்டு லேப் வேலை செய்யறேன்னுல்ல நெனச்சேன்" என்றாள். நான் நிற்கவில்லை. நின்றால் போக மாட்டேன் என்று தெரியும்.

நடைபாதையில் ஒரு பையன்கள் கூட்டம் நகர்ந்து இடம் கொடுத்தது. விரிப்பில் அடுக்கினேன். முக்கால் மணி நேரம் ஒருவரும் குனியவில்லை. அப்போது பார்க்கிறேன், அம்மா மடக்கு நாற்காலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சாலையைக் கடந்து வருகிறாள். முழங்கால் வலி எங்கே போனதோ.

"அம்மா, மேஜையை யார் பாக்கறது?"

"குழாய்க்காரர் பாத்துக்கறார். அங்க அவனுக்குக் கூட்டம் தானா வருது. இங்கதான் ஆள் வேணும்."

நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். "என் பொண்ணு போட்டது! பல்லு கட்டறவ! வாங்க, சிரிச்சவங்களுக்கெல்லாம் இதுல இடம் உண்டு!" என்று ஆரம்பித்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பத்து நிமிஷம் கழித்து நானும் கத்த ஆரம்பித்தேன். குரல் போனது அப்படித்தான்.

மதியத்துக்கு மேல் விழாவை நடத்துகிற அம்மையாரே வெளியே வந்தார். அம்மா அவருக்கு வைத்திருக்கும் பெயர் கிராப்புக்காரி. விரட்ட வருகிறார் என்று நினைத்தேன். ஒன்றை எடுத்து நின்றபடியே புரட்டினார். "இதை நாலு தடவை பாத்திருக்கேன். வேணாம்னு சொன்னதுல நானும் உண்டு" என்றார்.

"ஏன்?" என்று கேட்டேன். நாலு வருஷத்தில் அந்தக் கேள்வியை முதல் முறையாக வாய்விட்டுக் கேட்டேன்.

"ஒவ்வொரு பல்லும் அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. ஆனா இந்த ஜனங்க யாரும் எதையும் கடிக்கவே மாட்டேங்கறாங்களே. எல்லாம் ரொம்பப் பத்திரமா இருக்கு."

எனக்கு அழுகை வரவில்லை, ஒல்லி. ஆச்சரியமாக இருந்தது. யோசிக்காமலேயே பதில் வந்தது. "கடிக்கறதுக்கு வரல மேடம். இருபது வருஷம் வாயைப் பொத்திக்கிட்டுப் பேசினவங்க இவங்க. என் கதையில மொதல் தடவையா சிரிக்க வர்றாங்க. பத்திரமாத்தான் சிரிப்பாங்க."

அவர் மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார். நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். பன்னிரண்டு பக்கம் நின்றபடியே படித்தார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "வேணாம்னு சொன்னதை இவ்வளவு நேரமாவா படிப்பாங்க?" என்றாள். அவர் சிரித்துவிட்டார். "இப்ப அனுப்பினாலும் நான் வேணாம்னுதான் சொல்லுவேன்னு நெனக்கிறேன்" என்றார், பொய் சொல்லாமல். "ரெண்டு குடுங்க."

சாயங்காலம் ஆறு பிரதி மீதி. அதில் ஒன்று இந்த உறையில். உன்னுடையது நூறும் தீர்ந்துவிட்டது, எனக்கென்று ஒன்றை மட்டும் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன்.

திரும்பும்போது பேருந்தில் அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து என் புத்தகத்தைப் படித்தாள். இறங்கும் இடம் வந்தது, சொன்னேன். "இருடி, அந்தப் பள்ளிக்கூடத்துக்காரி சிரிக்கிறாளா இல்லையா?" என்றாள். இரண்டு நிறுத்தம் தாண்டி இறங்கி நடந்து வந்தோம்.

இனி உனக்குப் பதிவு இல்லாத நாள் இருக்காது. உடம்பைக் கவனி.

உன் அக்கா


டிசம்பர் 14

என் அக்காவுக்கும் அம்மாவுக்கும்,

குரல் திரும்பியதா? வெந்நீர் குடி. இங்கே மூவரும் நன்றாக இருக்கிறோம், கொஞ்சம் தீய்ந்த சாப்பாடு சாப்பிட்டதைத் தவிர. அதற்குக் காரணம் நீதான்.

படகு வந்தது காலை பத்து மணிக்கு. நான் மேகக் குறிப்பு எழுதிவிட்டு வருவதற்குள் சமையல்காரர் உறையைப் பிரித்து உன் புத்தகத்தை அடுப்புப் பக்கத்தில் நின்று படிக்க ஆரம்பித்துவிட்டார். கேட்டேன், தரவில்லை. "கிட்ட வராதே தம்பி, அந்தம்மா இப்பத்தான் கண்ணாடி முன்னால வந்து நிக்கிறாங்க" என்றார். பாத்திரத்தில் இருந்தது அடிப்பிடித்து, புகைந்து, கரியானது. மனுஷன் அசையவில்லை. அப்புறம் வயர்லெஸ்காரர் வாங்கிக்கொண்டு போனார். எனக்குக் கிடைத்தபோது மணி மூன்று.

பாறைமேல் உட்கார்ந்து அறுபத்து நாலு பக்கமும் படித்தேன். அக்கா, கிராப்புக்காரி அம்மையார் சொன்னதிலும் நியாயம் இருக்கலாம், எனக்கு அதெல்லாம் தெரியாது. பள்ளிக்கூடத்து டீச்சர் வகுப்புக்குள் நுழைவதற்கு முன்னால் கையை வாயிலிருந்து எடுக்கிற அந்தப் பக்கத்தில், பேச்சே இல்லாத நாலு கட்டத்தில், நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தேன். நான் இருபது பக்கத்தில் கத்தினேன். நீ ஒரு கையைக் கீழே இறக்கினாய், அவ்வளவுதான்.

வயர்லெஸ்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பேசும்போது அவர் எப்போதும் மீசையைத் தடவுகிறமாதிரி வாயை மறைப்பார், நான் இதுவரை கவனித்ததில்லை. "இதைப் போட்டவங்க யாரு, உனக்குத் தெரிஞ்சவங்களா?" என்று கேட்டார்.

"எங்க அக்கா" என்றேன்.

"கூடப் பிறந்தவங்களா?"

"கூடப் பிறந்தவங்க. எங்க அக்கா."

இந்தத் தீவில் பெருமையடித்துக்கொள்ள இரண்டே பேர்தான் இருக்கிறார்கள். இரண்டு பேரிடமும் நாலு முறை சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை படகுக்காரர் வருகிறார்.

ஒல்லி